முழங்காலுக்குக் கீழே வைக்கக் கூடாது

ஆரணி, இளங்கோ, இதை நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாசிக்க வேண்டும். இளங்கோவுக்குத் தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும். ஆரணி, நீ உரக்க வாசி, அவன் கேட்கட்டும். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துவிட்டு, விட்ட இடத்தில் இருந்து தொடருங்கள். பாய்ந்து வாசிக்க வேண்டாம்.

போன மாதம் நூதனசாலைக் கன்ரீனில் நான் ஓய்வுபெற்றதற்குக் கேக் வெட்டி வழியனுப்பினார்கள் அல்லவா, அப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழும்பிக் கேட்டாள். களஞ்சியச் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளில் பதினான்காவது ஏன் என்று யாருக்குமே தெரியவில்லை என்றாள். “எந்தப் பொருளையும் முழங்காலுக்குக் கீழே வைக்கக் கூடாது.” வெள்ளம் வந்தால் நனையும் என்றா, எலி வரும் என்றா? பழைய ஆட்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஃபிறாவ் கெஸ்லர் கேக் குத்தும் முள்ளாலேயே என்னைக் காட்டினார். என் வாய் நிறையக் கேக். தப்பித்தேன்.

காரில் வரும்போது நீங்கள் விடவில்லை.

“அப்பா, என்ன செய்தனீங்கள்?” என்று இளங்கோ.

“எதையோ உடைச்சுப்போட்டார். முகத்தைப் பார்,” என்று ஆரணி.

அம்மா முன் சீற்றில் இருந்து சிரித்த சிரிப்பில் கண்ணாடி மடியில் விழுந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உடைக்கவில்லை. உதைத்தேன். ஐந்நூறு வயது தாண்டிய ஒருவரை, முகத்துக்கு நேரே நின்று, சப்பாத்துக் காலால் உதைத்தேன். நீங்கள் ஓடி விளையாடிய அந்த மூன்றாம் மாடி வீடு அந்த உதையால் கைநழுவிப் போகப் பார்த்தது.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதத்தான் வரும். அவர்கள் டொச்சு மொழியில் பேசியதை எங்கள் பேச்சுக்கு மாற்றியிருக்கிறேன். டீட்டர் மாமா யாழ்ப்பாணத்தான் மாதிரிக் கதைப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

நான் அந்த நூதனசாலைக்குள் முதன்முதல் போனது வாளியோடு. ஜேர்மனியில் பான் நகரத்துக்கு வந்து கன நாள் ஆகவில்லை. ஒரு சுத்திகரிப்புக் கொம்பனி அங்கே தரை துடைக்க அனுப்பியது. ஒருநாள் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு மேலே ஏறுகிறேன், எதிரே ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுப்பேரும் குதித்துக்கொண்டு இறங்குகிறார்கள். சுவரோடு ஒட்டி, வளைந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் மேலே போய்ச் சேர்ந்தேன். படியின் உச்சியில் ஒரு சின்னப் பெண்ணுருவம் நின்றது, காதில் பென்சில் செருகியபடி. என் சட்டையில் குத்தியிருந்த பெயரை வாசித்தது.

“ஹெர் சிவராசா, உங்களுக்குக் கை நடுங்குமோ?”

“இல்லை.”

“கோபம் வருமோ?”

“வரும். ஆனால் மெல்லத்தான் வரும்.”

“நல்லது,” என்றார்.

அவர்தான் ஃபிறாவ் கெஸ்லர். உடைந்த பழம்பொருட்களைச் செப்பனிடுபவர், களஞ்சியத்துக்குப் பொறுப்பு. என்னைவிட எட்டு வயது இளையவர். அடுத்த கிழமை ஒரு ஆன்ட்றாக், அதுதான் விண்ணப்பப் படிவம், என் கையில் இருந்தது. ஆறு மாதம் பரீட்சார்த்தமாகப் பொருள் தூக்கும் வேலை. சரிவந்தால் நிரந்தரம்.

பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதல் இரண்டு மாதம் ஒரு பானையையும் தொட விடவில்லை. சலாட் கோப்பையில் விளிம்பு முட்டத் தண்ணீர் ஊற்றி, மாடி ஏறி இறங்கச் சொன்னார். பிறகு அவித்த முட்டை. பிறகு அவிக்காத முட்டை. நான் வேலையால் வர அம்மா கேட்பார்:

“இண்டைக்கு என்னத்தைத் தூக்கினீங்கள்?”

“தண்ணி.”

“நாளைக்கு?”

“அதே தண்ணி.”

ஃபிறாவ் கெஸ்லர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிழை விட்டால், “நல்லது, திரும்ப முதலிலேயிருந்து” என்பார். சரியாகச் செய்தாலும், “நல்லது, திரும்ப முதலிலேயிருந்து” என்பார். எது எதற்கு என்று அவர் முகத்தைப் பார்த்து அறிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பொருட்களுக்குப் பக்கத்தில் மை கூடாது என்பதால் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுவார். பாணும் பாலும் வாங்கும் துண்டைக்கூடப் பென்சிலால் எழுதி, கீழே கையெழுத்து வைப்பார்.

ஒரு பானையைத் தூக்கும் முறை இதுதான். மோதிரம், மணிக்கூடு, பெல்ட் எல்லாம் கழற்றி டப்பாவில் போட்டு, கையுறை மாட்ட வேண்டும். அடுத்தது வெறுங்கை நடை. பானையைத் தொடுவதற்கு முதல், அது போகும் வழியை வெறுங்கையோடு, ஆனால் பானை இருப்பது போலவே கைகளை ஏந்திக்கொண்டு, ஒருமுறை நடந்து பார்ப்பது. எந்தக் கதவு தானாக மூடும், எந்த இடத்தில் தரை உயர்ந்திருக்கிறது, எங்கே முழங்கை இடிக்கும் என்று காலும் கையும் படிக்க வேண்டும். பிறகுதான் தூக்குவது. ஒரு கை அடியில், ஒரு கை உடம்பில். கழுத்தில் பிடிக்கக் கூடாது, பிடியில் பிடிக்கக் கூடாது, நீட்டிக்கொண்டிருக்கும் எதிலும் பிடிக்கக் கூடாது.

கை மாற்றும்போது வாயால் சொல்ல வேண்டும். கொடுப்பவர், “பிடிச்சாச்சா?” என்று கேட்க வேண்டும். வாங்குபவர், “ஹாப் இஷ்” என்று சொல்ல வேண்டும். என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர் கையை விடலாம். முதல் முறை நான் எங்கள் வழக்கப்படி தலையை ஆட்டினேன். ஃபிறாவ் கெஸ்லர் பானையை விடவில்லை.

“தலை சத்தம் போடாது, ஹெர் சிவராசா.”

“ஹாப் இஷ்.”

“நல்லது. திரும்ப முதலிலேயிருந்து.”

ஆறாவது மாதம் வந்தது. நாங்கள் அப்போது ஒரு ரெஸ்டோறண்டுக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம். ஆரணி, நீ அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். நல்ல வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தோம், இரண்டு அறை, குளிக்கத் தொட்டி. வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் நிரந்தர வேலைக் கடிதம் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த குடும்பம் என்று சொல்லிவிட்டார். என் ஆறு மாதம் முடிவது வெள்ளிக்கிழமை. புதன்கிழமை நான் உதைத்தேன்.

யாரை என்று சொல்ல வேண்டும். பெரு நாட்டு மலைகளை ஆண்ட இன்கா மக்கள் வனைந்த பானை அது. ஒரு பெரிய பூசணிக்காய் அளவு வயிறு. அடி கூராக இருக்கும், தானாக நிற்காது, துணி வளையத்தில் இருத்த வேண்டும். வயிறு முழுக்கக் கறுப்பிலும் சிவப்பிலும் வெண்மஞ்சளிலும் சாய்சதுரமும் முக்கோணமும். நூல் பிடித்துக் கீறியது போல வரிசை. இடுப்பில் இரண்டு பிடி. சோளத்தில் வடித்த கள்ளை ஊற்றி, பிடிகளுக்குள் கயிறு விட்டு முதுகில் சுமப்பார்களாம். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் முகம். கோப்பிக்கொட்டை போல இரண்டு கண், காதில் தோடு, சிவப்புப் பூசிய கன்னம். வாய் கொஞ்சம் திறந்திருக்கும், ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது போல. மூக்கு மட்டும் நீளமாக, நேராக, கத்தி போல.

எங்கள் நூதனசாலை டிறெக்டருக்கும் அதே மூக்கு என்பதால் பானைக்கும் டிறெக்டர் என்று பெயர். வைத்தவர் டீட்டர். என்னோடு சேர்ந்து தூக்குபவர், ஆறடி உயரம், நெஞ்சு முழுக்கப் பகிடி. காலையில் பானை இருக்கும் தட்டின் முன்னால் நின்று, “குட்டன் மோர்கன், ஹெர் டிறெக்டர். இண்டைக்கும் என்ர லீவை வெட்டாதேங்கோ” என்பார்.

மியூனிக்கில் ஒரு கண்காட்சிக்கு டிறெக்டரை இரவல் கேட்டிருந்தார்கள். போகுமுன் எந்த நிலையில் போகிறார் என்று பதியப் படம் எடுக்க வேண்டும். பஞ்சுமெத்தை போட்ட திறந்த பெட்டியில் அவரை இருத்தி, பெட்டியை உருளுவண்டியில் வைத்தோம். அந்தக் காலத்து வண்டி, தட்டு கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேதான். டீட்டர் கதவுகளைத் திறந்து வைக்கப் போனார். நான் வெறுங்கை நடை நடந்து முடித்து, திரும்பி வந்து, வண்டியைச் சுற்றி மற்றப் பக்கம் போகும்போது என் வலது சப்பாத்து பெட்டியின் விளிம்பில் பட்டது.

பெட்டி அசையக்கூட இல்லை. ஆனால் கீழே பார்க்கிறேன், ஒரு மனிதர் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார்.

உடம்பு என்னைக் கேட்கவில்லை. குனிந்தேன். வலது கை விரல்களால் அவர் கன்னத்தைத் தொட்டு என் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். “மன்னியுங்கோ ஐயா” என்று வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது. பஸ்சில் யாருடைய காலையாவது மிதித்தால் நீங்களும் இதைத்தானே செய்வீர்கள். ஆறு மாதம் தண்ணீரும் முட்டையும் சுமந்து படித்த அத்தனை விதியையும் அந்த ஒரு கணத்தில் மீறினேன். ஒற்றைக் கையால் தொட்டேன், சொல்லாமல் தொட்டேன், முகத்தில் தொட்டேன்.

டீட்டர் கதவில் நின்றார்.

“சிவா, நீ இப்ப அவரோட கதைச்சனியோ?”

நான் என் வெள்ளை றப்பர்க் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விரல் நுனியிலும் சிவப்பு. அவர் கன்னத்துச் சாயம் என் கையோடு வந்திருந்தது.

டீட்டரும் பார்த்தார். பிறகு மேலே விளக்கைப் பார்த்தார்.

“நான் ஒண்டும் காணேல்லை,” என்றார். “கையுறையைக் குப்பையிலை போடு. வெள்ளிக்கிழமை கடிதத்தை எடு. சனிக்கிழமை உன்ர தளபாடம் தூக்க நான் வான் கொண்டு வாறன்.”

நல்ல மனம் உள்ளவர். கையுறையை நான் மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்தேன். ஃபிறாவ் கெஸ்லர் கூட்டம் ஒன்றில் இருந்தார், இரண்டு மணிக்குத்தான் வருவார். கன்ரீனுக்குப் போனேன். சாப்பாடு போடும் அம்மா என்னை உற்றுப் பார்த்து, கேட்காமலே இரண்டு உருளைக்கிழங்கு கூட வைத்து, “எல்லாம் சரிவரும்” என்று சொல்லி என் கையைத் தட்டினார். எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. வெளியே போன் பெட்டிக்குப் போய் உங்கள் அம்மாவுக்கு அடித்தேன். முழுவதையும் சொன்னேன்.

அம்மா கேட்டார்:

“இப்ப அந்தப் பானை மனிசன் எப்பிடி இருக்கிறார்?”

“இருக்கிறார். கன்னம் கொஞ்சம் வெளிறிப்போச்சு.”

“அப்ப போய்ச் சொல்லுங்கோ. சொல்லாமல் எடுத்த வீட்டிலை எனக்கு நித்திரை வராது. எனக்கு நித்திரை இல்லாட்டி உங்களுக்கும் இல்லை, தெரியும்தானே.”

“வீடு போனால்?”

“பிள்ளையைச் சூட்கேசுக்குள்ளை கிடத்தலாம். மூடியைத் திறந்து வைச்சால் சரி.”

இரண்டு மணிக்கு ஃபிறாவ் கெஸ்லரின் கதவில் தட்டினேன். மூன்று வசனம் டொச்சில் பாடமாக்கி வைத்திருந்தேன். முதலாவது: நான் முகத்தைத் தொட்டுவிட்டேன்.

“தெரியுது,” என்றார் அவர். “உங்கட கண்ணிலை இருக்கு. அசையாதேங்கோ.”

இரண்டு இமையிலும் சிவப்பு. காலை முழுக்க அதோடுதான் திரிந்திருக்கிறேன். கன்ரீன் அம்மா நான் அழுதேன் என்று நினைத்திருக்கிறார். என்னோடு வந்து பின்னால் நின்ற டீட்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

“நீ ஏன் சொல்லேல்லை?”

“உங்கட சமயம் எண்டு நினைச்சன்,” என்றார் டீட்டர். “ஊன்ட்றொப் கோயில் தேருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய், அங்கை எல்லாரின்ர முகத்திலையும் ஏதோ ஒரு நிறம் இருந்தது. நான் எங்கை கண்டன்.”

ஃபிறாவ் கெஸ்லர் என்னைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியால் என் இமையில் இருந்து அந்தச் சாயத்தை எடுத்தார். ஐந்நூறு வருடத்துப் பொருளைத் தொடும் அதே பக்குவத்தோடு எடுத்தார். குச்சியைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் போட்டு மூடி, லேபல் ஒட்டி, பென்சிலால் எழுதினார். பிறகு தாள் ஒன்று எடுத்தார்.

“இனிச் சொல்லுங்கோ. ஏன் கண்ணிலை வைச்சனீங்கள்?”

“கால் பட்டது. மனிசரிலை கால் பட்டால் தொட்டுக் கண்ணிலை ஒற்ற வேணும்.”

“அது பானை.”

“முகம் இருக்கு.”

அவர் எழுதினார். “முகம் இல்லாத பானையிலை பட்டால்?”

“இல்லை.”

“புத்தகத்திலை?”

“ஓம்.”

“கதிரையிலை?”

“இல்லை.”

“டீட்டரிலை?”

“ஓம்.”

“பொய்,” என்றார் டீட்டர். “ஆறு மாசமாய் என்ர காலை மிதிக்கிறான். ஒரு நாளும் என்னைக் கண்ணிலை வைக்கேல்லை.”

“ஒவ்வொரு முறையும் வைச்சனான்,” என்றேன். “நீ முன்னாலை பார்த்துக்கொண்டு நடந்தாய்.”

டீட்டர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார்.

பிறகு மூவரும் களஞ்சியத்துக்குப் போனோம். ஃபிறாவ் கெஸ்லர் சாதாரண விளக்கை அணைத்து, ஊதா விளக்கைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் பழைய மண் ஒரு நிறம் காட்டும், பிறகு யாரோ ஒட்டிப் பூசியது வேறு நிறம் காட்டும். டிறெக்டரின் கன்னத்தில் இருந்து மூக்கின் நுனிவரை பால்போல வெள்ளையாய் ஒளிர்ந்தது.

“இன்கா ஆக்கள் சூளையிலை சுட்ட சாயம் விரலோட வராது,” என்றார். “இது தண்ணிச் சாயம். கீழை சாந்து. இந்த மூக்கு அவரின்ர இல்லை.” பென்சிலின் றப்பர்ப் பக்கத்தால் மெல்லத் தொட்டார். மூக்கு ஆடியது. பசை செத்துப்போயிருந்தது. லொறியில் ஏற்றியிருந்தால் முதல் பள்ளத்திலேயே விழுந்திருக்கும்.

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சை நிர்வாகப் பொறுப்பாளர் வாங்கிக்கொண்டார். அவர்தான் என் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர். அவருடைய அறைச் சுவரில் மியூனிக் கண்காட்சியின் சுவரொட்டி, அச்சடித்து வந்து நாலு நாள். அதில் ஆளுயரத்துக்கு டிறெக்டரின் முகம். நடுவில் அந்த மூக்கு.

“மூக்கைக் கழட்டப் போறியளோ?” என்றார். “சுவரொட்டி ஊர் முழுக்க ஒட்டியாச்சு. ஆர் இதைத் தொட்டது?”

“அறிக்கையிலை எழுதுறன்,” என்றார் ஃபிறாவ் கெஸ்லர். “வெள்ளிக்கிழமை தாறன்.”

அன்றிரவு அம்மா சூட்கேசை அளந்து பார்த்தார். பகிடிக்குத்தான்.

வியாழக்கிழமை மூக்கைக் கழற்றினோம். ஃபிறாவ் கெஸ்லர் சுடுதண்ணீரில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, பிழிந்து, மூக்கின் ஓரத்தில் ஒரு நூல் இடம் வைப்பார். எடுப்பார். புதுக் குச்சி. அடுத்த நூல் இடம். பசை இளக வேண்டும், மண் நனையக் கூடாது. என் வேலை, மூக்கின் கீழே இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, பஞ்சு விரித்து, ஏந்திக்கொண்டிருப்பது.

“எப்ப விழுமெண்டு தெரியாது. கையை எடுக்காதேங்கோ.”

அரை மணித்தியாலம் போயிருக்கும். ஒருவருடைய மூக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகளே, உங்களுடைய மூக்கு கடிக்கத் தொடங்கும். இது நிச்சயம். முதலில் நுனியில். பிறகு உள்ளே. கண்ணில் தண்ணீர் வந்தது.

“டீட்டர்,” என்றேன் உதடு அசையாமல். “மூக்கு.”

“இன்னும் விழேல்லை.”

“என்ர மூக்கு.”

டீட்டர் ஃபிறாவ் கெஸ்லரின் காதில் இருந்த பென்சிலை எடுத்து, றப்பர்ப் பக்கத்தால் என் மூக்கைச் சொறிந்தார். மிகப் பொறுப்பாக, இடது, வலது, நுனி என்று கேட்டுக் கேட்டுச் சொறிந்தார். எனக்கு அடிவயிற்றில் இருந்து சிரிப்பு ஏறியது. சிரித்தால் கை ஆடும். பல்லைக் கடித்தேன்.

“சிரிக்கிறதெண்டால்,” என்றார் ஃபிறாவ் கெஸ்லர், கண்ணை எடுக்காமல், “விழுந்த பிறகு சிரியுங்கோ.”

அப்போதுதான் விழுந்தது. ஒரு கச்சான் கோதின் பாரம்கூட இல்லை.

“பிடிச்சாச்சா?”

“ஹாப் இஷ்.”

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் இருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது. ஃபிறாவ் கெஸ்லர் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் கண்டது அன்றுதான். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நாங்கள் டிறெக்டரைப் பார்த்தோம். சிரிப்பு நின்றது.

சாந்துக்குக் கீழே அவருடைய சொந்த மூக்கு இருந்தது. அகலம், கட்டை, நுனியில் மட்டும் நகக்கண் அளவு சிதறியிருந்தது. அந்தச் சின்னச் சிதறலை ஒட்டப் போன எவரோ ஒரு பழங்காலத்து ஆள், தான் தினமும் கண்ணாடியில் பார்க்கும் மூக்கையே முழுசாகச் செய்து மேலே பூட்டியிருக்கிறார். அது போனதும் முகமே மாறிவிட்டது. சொல்ல வந்து நிறுத்திய வாய் என்று இத்தனை நாள் நினைத்தோம். நிறுத்தவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்நூறு வருடமாக, கள்ளைச் சுமந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“டிறெக்டரைக் காணேல்லை,” என்றார் டீட்டர் மெதுவாக.

“எங்கட குஞ்சியப்பா மாதிரி இருக்கிறார்,” என்றேன்.

சித்தப்பாவை நாங்கள் கூப்பிடும் அந்தப் பெயர்தான் நிலைத்தது. இன்றைக்கும் அங்கே டொச்சுக்காரர் அவரைக் ‘குன்ஸியப்பா’ என்றுதான் சொல்கிறார்கள்.

கையுறையைக் கழற்றும்போது நான் ஃபிறாவ் கெஸ்லரிடம் கேட்டேன், நாளைக்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று.

“நடந்ததை,” என்றார். “நீங்கள் விதியை மீறினனீங்கள். அதை எழுதாமல் விடேலாது. ஆனால் கால் படுற உயரத்திலை ஒரு முகத்தை வைச்சது நான். உங்கட கை செய்யிறதை நான் மாத்தேலாது, ஹெர் சிவராசா. வண்டியின்ர உயரத்தை மாத்தலாம்.”

அதுதான் பதினான்காவது விதி.

வெள்ளிக்கிழமை நிர்வாகப் பொறுப்பாளர் அறிக்கையை எனக்கு முன்னாலேயே வாசித்தார். ஊழியர் அனுமதியின்றி ஒரு கையால் தொட்டார். அன்றே தானாக வந்து சொன்னார். பின்னாளைய பூச்சும் பசை தளர்ந்ததும் அதனால் தெரியவந்தன. சாயம் எடுக்கப்பட்ட இடம்: ஊழியரின் கண்ணிமை. அந்த வரியில் அவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

“எந்தக் கண்?”

“இரண்டும்.”

அவர் சுவரொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கடிதத்தை இழுத்துக் கையெழுத்து வைத்தார்.

“அடுத்த முறை கால் பட்டால்,” என்றார், “முதலிலை ஆளைக் கூப்பிடுங்கோ. மரியாதையைப் பிறகு செய்யுங்கோ.”

மியூனிக்கில் சனங்கள் சுவரொட்டியையும் பானையையும் மாறி மாறிப் பார்த்து, ஆள் மாறிப்போச்சோ என்று கேட்டார்களாம். அந்தச் சாந்து மூக்கு இன்றைக்கும் களஞ்சியத்தில் ஒரு தீப்பெட்டி அளவு பெட்டியில் இருக்கிறது. முழங்காலுக்கு மேலேதான்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு முதலே வீட்டுக்காரர் கடிதத்தைப் பார்த்துத் திறப்பைத் தந்தார். அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது, மூன்று மாடி ஏற ஏலாது. டீட்டர் மூன்று மணிக்குத்தான் வானோடு வருவார். நான் தனியே ஏறி, கதவைத் திறந்து, உள்ளே நின்றேன். வெறும் தரை. வெறும் சுவர்.

மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்றிப் பையில் போட்டேன். வாசலுக்குத் திரும்பிப் போய், இரண்டு கையையும் ஏந்தி, ஒரு தலையும் ஒரு முதுகும் இருக்கும் அளவுக்கு வளைத்துக்கொண்டு நடந்தேன். வாசல் நிலை கொஞ்சம் உயரம், கால் தூக்க வேண்டும். நடைக் கதவு தானாக மூடும், ஒரு ஆப்பு வைக்க வேண்டும். குளியலறைப் பிடியில் முழங்கை இடிக்கும், உடம்பைச் சாய்க்க வேண்டும். யன்னல் ஓரத்தில், தொட்டில் வைக்கலாம் என்று அம்மா சொன்ன மூலையில் போய் நின்றேன்.

“பிடிச்சாச்சா?” என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்ப மனம் வரவில்லை. அந்த வெறும் அறையில் உரக்கச் சொன்னேன்:

“ஹாப் இஷ்.”